உணர்ச்சி எப்போது ஓவியமாகிறது?

எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையில் சில சொற்கள் தவறாமல் இருக்கும்: அகப்பயணம், உள்மன வெளிப்பாடு, உருமாற்றம். ஓவியரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே அட்டையை அடுத்த அறையிலும் மாட்டிவிடலாம். அந்தச் சொற்கள் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்று தீட்டுகிறவர்களில் பலர் தங்கள் அச்சம், இழப்பு, நோய், குற்றவுணர்வு, சில நேரம் மகிழ்ச்சி ஆகியவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த உணர்ச்சி எந்த வழியாகப் படமாகிறது, போகிற வழியில் எது மாறுகிறது என்பதை அட்டை தொடுவதே இல்லை. ஓவியரின் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு துயரத்தைச் சொல்கிறது, பக்கத்தில் தொங்கும் படத்தைக் கைகாட்டுகிறது, அதோடு முடிந்தது. இடையில் நடந்த வேலை முழுவதும் விடுபட்டுப்போகிறது. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

உள்ளத்தைத் தீட்டுவது என்று இன்று நாம் சொல்வதற்கு ஒரு முன்னோடியைத் தேடினால் பெரும்பாலும் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கிடம் போய் நிற்போம். ‘அலறல்’ என்ற 1893ஆம் ஆண்டுப் படம் கைக்குட்டைவரை அச்சாகித் தேய்ந்துவிட்டது. அதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது ‘நோயுற்ற சிறுமி’. முங்க்கின் அக்கா சோஃபி 1877இல் காசநோயில் இறந்தார். அப்போது முங்க்குக்கு 13 வயது. தாயும் அதே நோயில் அதற்கு முன்பே போய்விட்டார். 1885-86இல் அந்த இறப்பைத் தீட்ட உட்கார்ந்தவர், தீட்டியதைச் சுரண்டினார், மீண்டும் பூசினார், மீண்டும் சுரண்டினார். தூரிகையின் பின்முனையால் கீறியதுபோல நீளக் கோடுகள் அந்தக் கித்தானெங்கும் ஓடுகின்றன. 1886இல் காட்சிக்கு வைத்தபோது இதென்ன முடிக்காத படம் என்று கேலி செய்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை எண்ணெய் வண்ணத்தில் மொத்தம் ஆறு முறை தீட்டியிருக்கிறார்.

துக்கத்தைக் கொட்டித் தீர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு முறை போதும். ஆறு முறை எதற்கு? ஆங்கிலேயத் தத்துவவாதி ஆர்.ஜி. காலிங்வுட் 1938இல் இதற்கு ஒரு விடை தந்தார். உணர்ச்சி பீறிட்டு வெளியே தெரிந்துவிடுவது வேறு, அதை வெளிப்படுத்துவது வேறு என்றார். கோபத்தில் முகம் சிவப்பது முதல் வகை. அதற்குக் கலை தேவையில்லை. கலைஞரிடம் தொடக்கத்தில் இருப்பது ஏதோ ஒன்று தன்னை அலைக்கழிக்கிறது என்ற தெளிவற்ற கலக்கம் மட்டுமே. அது துக்கமா, பயமா, தான் மட்டும் பிழைத்துவிட்டோம் என்ற வெட்கமா என்பது வேலை நடக்க நடக்கத்தான் அவருக்கே பிடிபடுகிறது. அதாவது ஓவியர் தனக்குத் தெரிந்த உணர்ச்சியை நமக்கு அறிவிக்கவில்லை. அது என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறார். இந்தக் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு. கைவினையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது என் எண்ணம். என்றாலும் முங்க்கின் கீறல்களை இதைவிட நன்றாக விளக்கும் ஒன்றை நான் படித்ததில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்கிவிட வேண்டும். கலைவழிச் சிகிச்சை என்பது தனித்துறை. பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய் விடுதியில் படுத்திருந்த நாட்களில் வரைந்து தேறிய அனுபவத்திலிருந்து 1942இல் அதற்குப் பெயர் சூட்டினார். அங்கே வரைபவர் தேறுவதுதான் முக்கியம். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. காட்சிக்கூடத்தில் நிற்கும் ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தீட்டியவர் ஆறுதல் அடைந்தாரா இல்லையா என்பது அவர் பாடு. படம் தன் காலில் நிற்க வேண்டும்.

வண்ணம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

உள்மனம் பற்றிப் பேசுகிறவர்கள் வண்ணத்தின் வேதியியலைப் பேசுவதில்லை. பேசியே ஆக வேண்டும். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள், தடித்துப் பூசினால் மாதங்கள்கூட ஆகும். அதுவரை அதைச் சுரண்டலாம், துடைக்கலாம், மேலிருப்பதைக் கீழிருப்பதோடு குழப்பலாம். நேற்றைய மனநிலையை இன்றைய கை முழுவதுமாக அழித்துவிட முடியும். லண்டனில் 2024இல் மறைந்த ஃபிராங்க் ஆவர்பாக் இதையே வாழ்நாள் முறையாக வைத்திருந்தார். எதிரில் உட்காருபவர் வந்து போனதும் அன்று தீட்டியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த அமர்வில் மறுபடியும் தொடங்குவார். ஒரே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் அவர் முன் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் நாம் பார்ப்பது ஓர் அமர்வில் விரைந்து தீட்டிய முகம். அதன் பின்னால் அழிந்துபோன முகங்கள் எத்தனையோ.

அக்ரிலிக் வண்ணம் நேர்மாறு. சில நிமிடங்களில் உலர்ந்து பிளாஸ்டிக் படலமாகிவிடும். பிறகு சுரண்ட வழியில்லை. மேலே பூசி மறைக்க மட்டுமே முடியும். தவறும் தயக்கமும் அடியில் அப்படியே தங்கிவிடும். பிரிட்டிஷ் ஓவியர் ட்ரேசி எமினின் பிற்காலப் படங்கள் இந்தத் தன்மையால் ஆனவை. நீர்த்த சிவப்பும் கறுப்பும் கித்தானில் வழிந்தோடும். உருவத்தின் பாதியை வெள்ளை மூடியிருக்கும். மூடியதன் கீழே முந்தைய கால் ஒன்றோ கட்டில் விளிம்போ கசிந்து தெரியும்.

எமின் ஓவியத்தைவிட்டு ஓடியவர். 1990 வாக்கில், கருக்கலைப்புக்குப் பிறகு, தூரிகையைத் தொட முடியாமல் போயிற்று. 1996இல் ஸ்டாக்ஹோமில் ஒரு காட்சிக்கூட அறைக்குள் மூன்று வாரங்களுக்கும் மேலாக ஆடையின்றி அடைந்து கிடந்து, தான் போற்றிய ஓவியர்களின் சாயலில் தீட்டித் தீட்டி அந்தப் பயத்தை எதிர்கொண்டார். பார்வையாளர்கள் சுவரில் பதித்த வில்லைகள் வழியே பார்த்தார்கள். அந்த நாடகத்தனம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 2020இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்து, பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தீட்டிய படங்கள் வேறு தரத்தில் இருக்கின்றன. அவற்றில் பார்வையாளருக்கான வில்லை இல்லை. உடல் படுத்திருக்கிறது, வண்ணம் வழிகிறது, அவ்வளவுதான். முங்க்கை இளமையிலிருந்தே குருவாக வரித்தவர். 2021இல் ஆஸ்லோவின் முங்க் அருங்காட்சியகத்தில் இருவர் படங்களும் ஒன்றாக இடம்பெற்றன.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தன்னுருவம்

தன்னுருவ ஓவியம் என்றால் கண்ணாடி முன் உட்காருவது என்பது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரியாவின் மரியா லாஸ்னிக் (1919-2014) கண்ணாடியை ஒதுக்கினார். உடல் வெளியே எப்படித் தெரிகிறது என்பதைவிட உள்ளிருந்து எப்படி உணரப்படுகிறது என்பதே அவருக்குப் பொருட்டு. படுத்தபடியோ நின்றபடியோ, பெரும்பாலும் கண்களை மூடி, அந்தக் கணத்தில் உடலின் எந்தப் பகுதி தன்னை உணர்த்துகிறது என்று கவனிப்பார். தோளில் அழுத்தம் இருந்தால் தோள் வரும். காது உணரப்படவில்லை என்றால் காது வராது. அவர் உருவங்கள் பலவற்றுக்கு முடி இல்லாததற்கும் இதுவே காரணம்: தலைமுடியை உள்ளிருந்து யாரும் உணர்வதில்லை. நிறத்தையும் அவர் தோலிலிருந்து எடுக்கவில்லை. வலிக்கு ஒரு நிறம், நினைப்புக்கு ஒரு நிறம், அழுத்தத்துக்கு ஒரு நிறம் என்று தானே ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதனால்தான் அந்த உடல்கள் பச்சையும் இளஞ்சிவப்புமாக இருக்கின்றன.

இந்த முறையைச் செய்து பார்க்காதவர்களுக்கு இது விளையாட்டுபோலத் தோன்றலாம். கடினம் எங்கே என்றால், நினைவு குறுக்கே வருகிறது. கை என்றதும் கையின் வடிவம் மனத்தில் எழுந்துவிடும். உணர்வது அந்த வடிவத்தில் இல்லை. தெரிந்ததை ஒதுக்கி உணர்ந்ததை மட்டும் வரைய, பள்ளியில் கற்ற வரைதிறன் முழுவதையும் எதிர்த்து நிற்க வேண்டும். லாஸ்னிக் தேர்ந்த பயிற்சி பெற்றவர். வியன்னாவில் ஓவியப் பேராசிரியராக இருந்தவர். எதை மறக்க வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பாரிஸ், நியூயார்க் என்று இடம் மாறியபோதும் இந்தக் கவனிப்பை விடவில்லை. பெரும் அங்கீகாரம் மிகத் தாமதமாக வந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது 2013இல், இறப்பதற்கு ஓராண்டு முன்னர் கிடைத்தது.

‘நீயா நானா’ என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் ஒரு படம் தீட்டினார். எண்பது கடந்த, ஆடையற்ற பெண். ஒரு துப்பாக்கி தன் நெற்றிப்பொட்டில், இன்னொன்று நேரே நம் முகத்துக்கு. பின்னணியில் எதுவுமில்லை. இதை முதுமையின் அச்சம் என்று அட்டையில் எழுதினால் பாதிகூடச் சொன்னதாகாது. பார்க்கிறவரிடம் இரக்கம் கேட்கும் வகையைச் சேர்ந்ததல்ல அந்தப் பார்வை.

மூடிய படங்கள்

உணர்ச்சி ஓவியம் என்றதும் யாரும் கெர்ஹார்ட் ரிக்டரின் பெயரைச் சொல்வதில்லை. குளிர்ந்த மனிதர், நிழற்படத்தைப் பார்த்துத் தீட்டி உலராத வண்ணத்தை இழுத்து மங்கலாக்குகிறவர் என்பது அவரைப் பற்றிய வழக்கமான சித்திரம். எனக்கோ, இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று தோன்றுகிறது.

1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர். 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சற்று முன்னர், மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். 1965இல் குடும்ப நிழற்படம் ஒன்றைத் தீட்டினார்: கைக்குழந்தையான தன்னை வைத்துக்கொண்டிருக்கும் பதின்வயதுச் சித்தி மரியானே. அந்தச் சித்தி பின்னாளில் மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டு, கட்டாயக் கருத்தடைக்கு ஆளாக்கப்பட்டு, நாஜிகளின் ‘கருணைக்கொலை’த் திட்டத்தில் 1945இல் பட்டினியால் இறந்தார். ஓராண்டு முன், 1964இல், கடற்கரையில் சிரிக்கும் ஒரு குடும்பத்தையும் ரிக்டர் தீட்டியிருந்தார். அதில் இருக்கும் தந்தை அவருடைய மாமனார், மகப்பேறு மருத்துவர். அந்த மருத்துவர் நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் பதவி வகித்துக் கட்டாயக் கருத்தடைத் திட்டத்தில் பங்கேற்றவர் என்பதை ஒரு பத்திரிகையாளர் தோண்டியெடுத்து வெளிப்படுத்தியபோது புதிய நூற்றாண்டு பிறந்திருந்தது. பலியானவரும் அந்தத் திட்டத்துக்குக் கைகொடுத்தவரும் ஒரே ஓவியரின் கையால், ஒரே மங்கலோடு, ஓராண்டு இடைவெளியில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். தீட்டிய காலத்தில் அவருக்கு இந்தத் தொடர்பு தெரியாது. அந்த மங்கல் வெறும் உத்தி என்று இதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை.

2014இல் ‘பிர்கெனாவ்’ வந்தது. ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில் பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் 1944 ஆகஸ்டில் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு நிழற்படங்கள் உண்டு. ரிக்டர் அவற்றை நான்கு பெரிய கித்தான்களில் பெயர்த்து வரைந்தார். வரைந்து பார்த்ததும் இது கூடாது என்று தெரிந்தது. நேர்த்தியாகத் தீட்டினால் அந்தக் கொடுமை அழகிய ஓவியமாகிவிடும். தீட்டாமல் விட்டாலும் மனம் விடாது. ஆகவே மேலே வண்ணத்தைப் பூசி, நீண்ட பலகையால் இழுத்து, சுரண்டி, மறுபடியும் பூசிப் படங்களை முழுவதுமாக மூடினார். கறுப்பு, சாம்பல், இடையிடையே சிவப்பு, பச்சை. இப்போது நாம் பார்ப்பது நான்கு அருவ ஓவியங்கள். அடியில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டவர் அதை மறக்கவும் முடியாது.

அடியில் உள்ளதைச் சொல்லாவிட்டால் இந்தப் படங்களை யாராவது உணர்வார்களா என்ற கேள்வி நியாயமானது. காட்சிக்கு வைக்கும்போது அந்த நிழற்படங்களின் நகலையும் ரிக்டர் பக்கத்திலேயே வைக்கிறார். அப்படியானால் ஓவியம் தன் காலில் நிற்கவில்லை என்று வாதிடலாம். வாதத்தை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் மூடுவதற்கு முன் வரைந்தே தீர வேண்டியிருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேரே வெறும் கித்தானில் அருவ ஓவியம் தீட்டிவிட்டு அந்தத் தலைப்பை வைத்திருந்தால் அது வெறும் பாவனை.

பெயர் சொல்லாமல்

சமகால ஓவியத்தில் தன் கதையைச் சொல்கிறவர்களுக்குக் கூட்டம் அதிகம் கூடுகிறது. கதையை மறைப்பவர்களும் குறைந்தவர்கள் இல்லை. தமிழில் இதற்கு ஒரு பழைய விதியே இருக்கிறது. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி என்று பேசலாம். இன்னார் என்று சொன்ன மறுகணம் அது அகம் ஆகாது. பிரிவின் வலி நிலத்திலும் பொழுதிலும் ஏறி வரும். யாருடைய பிரிவு என்று கவிதை சொல்லாது. சொல்லாததால் படிக்கிறவர் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்ள முடிகிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1976இல் நெதர்லாந்துக்குப் போன மார்லீன் டூமாஸின் வேலை இந்த விதிக்கு அருகில் வருகிறது. பெரும்பாலும் செய்தித்தாள் படங்கள், பழைய நிழற்படங்கள் ஆகியவற்றிலிருந்தே தீட்டுவார். நீர்த்த மையைத் தாளில் தேங்கவிட்டு, அது போகிற போக்கில் முகமாகட்டும் என்று விடுவதும் உண்டு. 2007இல் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் தீட்டியது தாயை அல்ல. மர்லின் மன்றோவின் பிரேதப் பரிசோதனைப் படத்தை. ‘இறந்த மர்லின்’ சிறிய படம். நீலமும் சாம்பலும் வெள்ளையும் பூத்த முகம். அதே காலத்தில் அழும் பெண்களின் முகங்களையும் திரைப்படக் காட்சிகளிலிருந்து தீட்டினார். தாயின் படத்தைத் தீட்டியிருந்தால் நாம் அவருக்கு அனுதாபம் சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். உலகமே பார்த்துப் பழகிய முகம் பிணமாகக் கிடக்கும்போது அனுதாபத்துக்கு முகவரி இல்லை; அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது.

எதிர்வழியில் போனவர் பிரிட்டிஷ் ஓவியர் செலியா பால். 1977 முதல் 2007 வரை, வாரத்துக்கு இரண்டு நாள், தாயை எதிரில் உட்காரவைத்துத் தீட்டினார். முப்பது ஆண்டுகள். தாய் 2015இல் இறந்த பிறகு நான்கு சகோதரிகளை ஒன்றாக உட்காரவைத்தார். மங்கிய வெள்ளையில், ஒருவரையொருவர் பார்க்காமல் அமர்ந்திருக்கிறார்கள். பெயரும் உறவும் தெரிந்தும் இது எப்படி அந்நியருக்கும் எட்டுகிறது என்று கேட்டால், காலத்தைத்தான் சொல்வேன். அவ்வளவு நீண்ட பார்வைக்குப் பின் வாழ்க்கைக் குறிப்பு உதிர்ந்து, உட்கார்ந்திருத்தல் மட்டும் மிஞ்சுகிறது.

மாறுவதன் செலவு

உருமாற்றம் என்ற சொல்லைச் சும்மா கையாளுகிறவர்கள் ஃபிலிப் கஸ்டனுக்கு 1970இல் நடந்ததைப் படிக்க வேண்டும். அமெரிக்க அருவ ஓவியத்தின் முதல் வரிசையில் இருந்தவர். இளஞ்சிவப்பும் சாம்பலும் நடுங்கும் அவருடைய 1950களின் படங்களை எல்லோரும் கொண்டாடினார்கள். வியட்நாம் போரும் தெருவன்முறையும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்க, தான் அறைக்குள் சிவப்பை நீலத்தோடு சரிசெய்துகொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நியூயார்க்கின் மார்ல்பரோ காட்சிக்கூடத்தில் அந்த ஆண்டு அவர் திறந்த கண்காட்சியில் கேலிச்சித்திரம் போன்ற உருவங்கள் இருந்தன: தடித்த காலணிகள், தொங்கும் விளக்கு, சுருட்டுப் பிடிக்கும் முக்காடு போட்ட கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள். 1969ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் முக்காடு போட்டவன் தூரிகையோடு உட்கார்ந்து தன்னையே தீட்டிக்கொண்டிருக்கிறான். அந்த முக்காட்டுக்குள் இருப்பவர் கஸ்டன்தான். யூதக் குடும்பத்தில் பிறந்து, கோல்ட்ஸ்டைன் என்ற பெயரை மாற்றிக்கொண்டவர். கொடுமையை வெளியே நின்று சுட்டுவதைவிட அதற்குள் தன் பங்கு என்ன என்று கேட்பது அவருக்கு அவசரமாக இருந்தது.

நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹில்டன் கிரேமர் கடுமையாகத் தாக்கினார். நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மோர்ட்டன் ஃபெல்ட்மன் அந்தப் படங்களை ஏற்க முடியாமல் விலகிப்போனார். அந்த நட்பு திரும்பவில்லை. 1978இல் கஸ்டன் தீட்டிய ‘நண்பனுக்கு’ என்ற படத்தில் ஃபெல்ட்மனின் தலை நம்மைவிட்டு அப்பால் திரும்பியிருக்கிறது. 1980இல் கஸ்டன் இறந்த பிறகே அந்தப் படங்கள்தான் அவருடைய பெரிய வேலை என்ற கருத்து நிலைபெற்றது. கதை அதோடு முடியவில்லை. 2020இல் நான்கு பெரிய அருங்காட்சியகங்கள் அவருடைய முழுக் கண்காட்சியைத் தள்ளிவைத்தன. முக்காட்டுப் படங்களைப் பார்வையாளர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்ற பயம். கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். 2022இல் பாஸ்டனில் திறந்தபோது, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே வருமாறு ஒரு துண்டறிக்கையும் வைத்திருந்தார்கள்.

இந்திய ஓவியர் தையப் மேத்தாவின் மாற்றம் இதைவிட மெதுவானது. 1947இல் மும்பையின் முகமது அலி சாலையில் ஒரு மனிதனைக் கும்பல் கொன்றதை இளைஞராக ஜன்னலிலிருந்து பார்த்தவர். அந்தக் காட்சியை அவர் ஒருபோதும் நேரடியாகத் தீட்டவில்லை. கட்டப்பட்ட காளை வந்தது, விழுந்துகொண்டே இருக்கும் உருவம் வந்தது. 1969இல், வேலை ஓடாத எரிச்சலில், கித்தானின் குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டை இழுத்தார் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குறுக்குக்கோடு பல ஆண்டுகள் அவர் படங்களைப் பிளந்தது. உடல் இரண்டாகிறது, முகம் ஒரு புறம், கை மறுபுறம். பிரிவினையைப் பற்றி எந்தச் சொல்லும் இல்லாமலே அந்தக் கோடு எல்லாவற்றையும் செய்கிறது. எஸ்.எச். ரஸாவுக்கு மாற்றம் திரும்பிப் போவதாக அமைந்தது. 1950இல் பாரிஸ் சென்று நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர், 1970களில் தன் வேலையில் நிறைவில்லாமல் தடுமாறி, கடைசியில் சிறுவயதில் கவனம் சிதறாமலிருக்க ஆசிரியர் சுவரில் வைத்துப் பார்க்கச் சொன்ன கரும்புள்ளியிடம் வந்து சேர்ந்தார். அந்தப் பிந்துவை 2016இல் இறக்கும்வரை விடவில்லை. பிந்துவே பின்னாளில் சற்று எளிதான முத்திரையாகிவிட்டது என்றும் எனக்குப் படுகிறது.

நோய் ஒரு விளக்கமா?

மனநோயும் படைப்பும் சேர்ந்தே பிறக்கும் என்ற நம்பிக்கை விற்பனைக்கு நல்லது, ஓவியர்களுக்குக் கெட்டது. ஜப்பானிய ஓவியர் யாயோய் குஸாமா சிறுவயதிலிருந்தே மாயக்காட்சிகள் கண்டதைத் தானே விரிவாகப் பேசியிருக்கிறார். பூ வேலைப்பாடு மேசைவிரிப்பைவிட்டு எழுந்து அறையையும் தன்னையும் மூடியதாகச் சொல்வார். 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தன் விருப்பத்தோடு தங்கி, அருகிலுள்ள பட்டறையில் வேலை செய்கிறார். இந்த விவரம் அவர் படங்களை நிறைக்கும் புள்ளிகளுக்கு எளிய விளக்கமாகிவிடுகிறது. ஆனால் 1950களின் இறுதியில் நியூயார்க்கில் அவர் தீட்டிய ‘முடிவிலி வலை’கள் பல மீட்டர் அகலமானவை; ஒவ்வொரு சிறு வளைவும் கையால் போட்டது. மாயக்காட்சி வலையைத் தரலாம். அதை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை சோராமல் கொண்டுசேர்ப்பது ஒழுக்கம்.

அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. அவர் படங்களில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆறடிச் சதுரக் கித்தானில் பென்சில் கோடுகள், மிக மெல்லிய வண்ணப் பட்டைகள். களங்கமின்மை, மகிழ்ச்சி ஆகியவையே தன் பொருள் என்றார். 1967இல், பெயர் உச்சத்தில் இருந்தபோது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். மறுபடி ஓவியம் தீட்டியது 1974இல், நியூ மெக்சிகோவில். வயதாகி ஆறடிக் கித்தானைத் தூக்க முடியாமல் போன பிறகு ஐந்தடிக்கு இறக்கிக்கொண்டார். 2004இல், 92 வயதில் இறந்தார். துயரம்தான் ஆழமான உணர்ச்சி என்று நினைக்கிறவர்களை இந்த நீலமும் வெளிர்சிவப்பும் சங்கடப்படுத்தும். சந்தோஷத்தைப் பொய்யில்லாமல் தீட்டுவது அழுகையைத் தீட்டுவதைவிடக் கடினம்.

பார்க்கிறவருக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அறிவியல் இன்னும் முழு விடை தரவில்லை. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தானே செய்வதுபோலத் தூண்டப்படும் நரம்பணுக்களான கண்ணாடி நியூரான்களைக் குரங்குகளின் மூளையில் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த விட்டோரியோ கலேஸேயும் கலை வரலாற்றாசிரியர் டேவிட் ஃப்ரீட்பெர்க்கும் 2007இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: தூரிகைத் தடத்தைப் பார்க்கும்போது அதைப் போட்ட கையின் அசைவை நம் உடலும் உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சர்ச்சை உண்டு. இருந்தாலும், அலைபேசித் திரையில் தட்டையாகத் தெரிந்த படம் நேரில் ஏன் உடம்பைப் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு திசை காட்டுகிறது. சிவப்பென்றால் கோபம், நீலமென்றால் சோகம் என்ற அகராதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் சிவப்பு எங்கே தொங்குகிறது, எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்து மாறும். அது தெரிந்ததால்தான் 1958இல் ஓர் ஆடம்பர உணவகத்துக்காக ஒப்புக்கொண்ட சுவரோவியங்களை, அங்கே ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்ததும் தர மறுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்றைய சந்தை அப்படி மறுப்பதற்கு அதிகம் இடம் வைக்கவில்லை. ஜெனி சாவில் தன் உடலையே பெருக்கித் தீட்டிய 1992ஆம் ஆண்டுத் தன்னுருவம் 2018இல் லண்டன் ஏலத்தில் 95 லட்சம் பவுண்டுக்குப் போனது. உயிரோடிருக்கும் பெண் ஓவியரின் படத்துக்கு அதுவரை கிடைக்காத விலை. விலை ஏறிய பாணியை வாங்குகிறவர் மீண்டும் மீண்டும் கேட்பார். உருமாற்றத்தைப் புகழும் அதே காட்சிக்கூடம், ஓவியர் நிஜமாகவே மாறினால் கையைப் பிசையும். அகத்தைப் பற்றிய ஓவியங்களில் பாதி இளமையில் கண்டெடுத்த ஒரு வலியின் மறுபதிப்புகளாகத் தேங்குவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ரிக்டரின் படங்களுக்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு. ‘பிர்கெனாவ்’ நான்கையும் அவர் விற்கவில்லை. ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார், அவை பெர்லினுக்கு நீண்டகாலக் கடனாகச் சென்றன. 2017க்குப் பிறகு எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் தீட்டுவதையும் நிறுத்திவிட்டார். தாளில் வரைகிறார்.